எரிஞ்சதா, எரிச்சாங்களா? பெரம்பூர் பாரக்ஸ் சாலையில் ஒரு கொள்ளுத்தாத்தா

டொராண்டோவில் இப்போது சனிக்கிழமை காலை. சென்னையிலிருந்து இணைந்திருப்பவர்களுக்கு இரவுச் சாப்பாட்டு நேரம். சிலர் தட்டோடு உட்கார்ந்திருப்பது திரையில் தெரிகிறது, தாராளமாகச் சாப்பிடுங்கள். என் பேச்சிலும் சாப்பாட்டு நேரத்துக்கு ஒரு முக்கியமான இடம் இருக்கிறது.

'ஆலைத் தெருவில் என் முன்னோர்' என்று அறிவிப்பில் போட்டிருந்தார்கள். தெரு, பெரம்பூர் பாரக்ஸ் சாலை. ஆலை, நம் ஆட்கள் 'பின்னி மில்' என்று சொன்ன பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகள். முன்னோர் என்பது ஒரே ஆள்தான், என் ஆயாவின் அப்பா. ஈழத்து நண்பர்களுக்காக ஒரு விளக்கம்: வடசென்னையில் பாட்டியை ஆயா என்போம். அவருடைய பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. பெயரால் எந்தப் பயனும் இல்லை என்பதைப் பின்னால் பார்க்கப் போகிறோம்.

முதலில் நாம் வாழும் ஊரில் இந்தத் தேடல் எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம். என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண்மணியின் கொள்ளுத்தாத்தா அயர்லாந்திலிருந்து வந்தவர். கிங் தெரு மேற்கில் மாஸி-ஹாரிஸ் ஆலையில் விவசாய இயந்திரங்கள் செய்தார். அவரைக் கண்டுபிடிக்க அந்தப் பெண்மணிக்கு ஒரு வார இறுதி போதுமானதாக இருந்தது. டொராண்டோவில் மைட்ஸ் டைரக்டரி என்று ஆண்டுதோறும் ஒரு தடித்த புத்தகம் வந்தது. தெருத்தெருவாக, வீட்டெண் வாரியாக, யார் குடியிருக்கிறார், என்ன வேலை, பல நேரம் எந்தக் கம்பெனியில் என்பதுவரை அதில் இருக்கும். பொது நூலகம் அவற்றை இணையத்தில் ஏற்றியிருக்கிறது. ஸ்பேடைனா சாலையில் இருக்கும் நகர ஆவணக் காப்பகத்துக்குப் போனால் வரி மதிப்பீட்டுப் பதிவேடுகள் கிடைக்கும். வீட்டில் இருந்தவரின் வயது, மதம், தொழில் எல்லாம் அதில் உண்டு. கோட்ஸ் என்ற தீக்காப்பீட்டு வரைபடத்தைப் பிரித்தால் வீடு செங்கல்லா மரமா என்று நிறத்தை வைத்தே சொல்லிவிடலாம். இதற்கு மேல் 1921 குடிக்கணக்கு இருக்கிறது. அந்த ஆண்டு ஜூன் 1ஆம் தேதி நிலவரப்படி எடுத்தது. வீடு வீடாக எழுதிய கையெழுத்துத் தாள்களை 2013இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். ஒரு கூலித் தொழிலாளி தன் மனைவி, பிள்ளைகளோடு அதில் பெயர் பெயராக இருக்கிறார்.

ஜூன் 1921 என்ற மாதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது மறுபடியும் வரும்.

பிரிட்டிஷ் இந்தியாவிலும் 1921இல் குடிக்கணக்கு எடுத்தார்கள், மார்ச் மாதம். ஆனால் கணக்கைக் கூட்டி, அட்டவணை போட்டு, அறிக்கை அச்சடித்த பிறகு வீட்டுச் சீட்டுகளை வைத்திருக்கவில்லை. நூறாண்டுக்கு முன் சென்னையில் எந்தச் சாதியில், எந்தத் தொழிலில் எத்தனை பேர் என்று தெரிந்துகொள்ளலாம். என் ஆயாவின் அப்பா அந்த எத்தனையில் ஒருவர், அவ்வளவுதான். டைரக்டரி சென்னையிலும் உண்டு. அசைலம் பிரஸ் பஞ்சாங்கம் என்று புகழ்பெற்றது. கலெக்டர், நீதிபதி, வக்கீல், கம்பெனி மேலாளர், பாதிரியார் என்று எல்லாரும் முகவரியோடு இருப்பார்கள். பின்னி கம்பெனியின் வெள்ளைக்கார அதிகாரியைத் தேடுகிறவருக்கு நல்ல வேட்டை. தறி ஓட்டியவனைத் தேடுகிறவர் பக்கம் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

எங்கள் வீட்டில் மிஞ்சியது ஒரு பித்தளை வில்லை. ஆயாவின் டிரங்குப் பெட்டியில் இருந்தது, இப்போது ஸ்கார்பரோவில் என் பெரியப்பா வீட்டில் இருக்கிறது. ஒரு ஓட்டையும் ஒரு எண்ணும் இருக்கின்றன, பெயர் இல்லை. ஆலைக்குள் அவரை அந்த எண்ணைச் சொல்லித்தான் கூப்பிட்டிருப்பார்கள். பெயரால் பயனில்லை என்று சொன்னது இதனால்தான்.

இனி தெருவுக்குப் போகலாம். பட்டாளம் என்று அந்தச் சாலையை ஒட்டிய இடத்தின் பெயரிலேயே பழைய படைமுகாமின் வாசம் இருக்கிறது. பக்கிங்ஹாம் ஆலைக் கம்பெனி 1876இலும் கர்நாடிக் 1881இலும் தொடங்கின. இரண்டையும் நிர்வகித்தது பின்னி. 1906இல் ஆர்பத்நாட் வங்கி கவிழ்ந்து சென்னையே ஆட்டம் கண்டபோது பின்னியும் சேர்ந்து சரிந்தது. இஞ்ச்கேப் பிரபுவின் குழுமம் அதை எடுத்துக்கொண்டது. 1920இல் இரண்டு ஆலைகளும் ஒரே கம்பெனியாயின. சாயம் போகாத காக்கித் துணிக்கு இவை பேர்போனவை. முதல் உலகப்போரில் சிப்பாய்கள் போட்டுக்கொண்ட காக்கியில் கணிசமானது இங்கே நெய்தது. போர் வந்ததும் ஆலைக்கு நல்ல காலம், ஆலைக்காரனுக்கு அரிசி விலை ஏறிய காலம். ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் வேலை செய்தார்கள். சங்கு ஊதினால் ஊரே எழுந்தது என்பார் ஆயா. அந்த வீடுகளில் கடிகாரம் இல்லை, சங்குதான் நேரம் சொன்னது.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று பொதுவாகச் சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27ஆம் தேதி இந்தத் தெருவின் ஆட்களை வைத்துத்தான் பிறந்தது. செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு என்ற இருவர் தொழிலாளர்களின் குறைகளைக் கேட்டு, அன்னி பெசன்ட் அம்மையாரின் வட்டத்தில் இருந்த பி.பி. வாடியாவிடம் கொண்டுபோனார்கள். அவர் தலைவரானார், திரு.வி.க. துணைத்தலைவர். மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் போதவில்லை என்பது முதலில் எழுந்த குறைகளில் ஒன்று. சிறிய குறையாகத் தோன்றலாம். பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்க்கச் சட்டமே அனுமதித்த காலம் அது. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே சமயத்தில் வெளியே வந்து, கை கழுவி, தூக்கைத் திறந்து, தின்று, திரும்பி உள்ளே நுழைய வேண்டும். பிந்தினால் என்ன ஆகும் என்பது வாசலில் நிற்கிறவரின் மனநிலையைப் பொறுத்தது. வாடியா பேசியவற்றைத் தொகுத்து 1921இல் 'லேபர் இன் மெட்ராஸ்' என்ற நூல் வந்தது. பிரும்மஞானக்காரரான ஒரு பார்சி கனவான், சோறு தின்ன நேரம் கேட்டுப் பேசுவதை அதில் படிக்கலாம்.

1920இல் பெரிய மோதல் வந்தது. ஆலை பூட்டப்பட்டது. டிசம்பரில் ஆலைப் பக்கம் போலீஸ் சுட்டதில் இருவர் இறந்தார்கள். கம்பெனி சங்கத் தலைவர்கள் மேல் உயர் நீதிமன்றத்தில் நஷ்டஈட்டு வழக்குப் போட்டுத் தடையாணை வாங்கியது. தொழிலாளரைத் திரட்டுவது சட்டப்படி குற்றம் போல ஆகிவிட்டது. கடைசியில் வாடியா தொழிலாளர் இயக்கத்திலிருந்தே விலக நேர்ந்தது. 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்துக்கு இந்த வழக்கு ஒரு முக்கியமான காரணம். நம்மில் எத்தனையோ பேர் இங்கே தொழிற்சங்க அட்டை வைத்திருக்கிறோம். அதற்கு இந்தியாவில் ஒரு சட்டம் வர, பெரம்பூர்த் தெரு ஒரு விலை கொடுத்திருக்கிறது.

இதுவரை சொன்னது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் பிடித்த பகுதி. பெரியப்பா யாரிடமும் பெருமையாகச் சொல்வார்: "எங்க தாத்தா சங்கத்து ஆளு. திரு.வி.க. பேசுனத நேர்ல கேட்டவரு." டொராண்டோவில் வீட்டுக்கு விருந்தினர் வந்தால் பித்தளை வில்லை மேசைக்கு வரும், இந்த வாசகமும் கூடவே வரும்.

ஆயா சொன்னது வேறு. அவர் கதை சொல்லும் ஆள் இல்லை. மூன்று துண்டுகள்தாம் திரும்பத் திரும்ப வரும். ஒன்று, "ஸ்ட்ரைக்குல வூடு எரிஞ்சிச்சு." இரண்டு, "எங்கண்ணன் வியாசர்பாடி கொட்டாயில பொறந்தவரு." மூன்று, யாராவது ஊர் கேட்டால், "பெரம்பூர்." ஒருமுறைகூடப் புளியந்தோப்பு என்று அவர் சொல்லிக் கேட்டதில்லை. அவர் பிறந்து வளர்ந்தது புளியந்தோப்புதான் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

நான் சில ஆண்டுகளாகப் படித்துக்கொண்டிருப்பது இந்த மூன்று துண்டுகளைத்தான். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது, தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது, வரலாற்றாசிரியர்களின் நூல்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றையாவது பெயர் சொல்ல வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யில் பணியாற்றிய திலீப் வீரராகவன், சென்னைத் தொழிலாளி வர்க்கம் உருவான கதையை ஆராய்ந்தவர். பார்வை இழந்தவர். பிறர் வாசிக்கக் கேட்டுத்தான் ஆவணங்களை ஆராய்ந்திருக்க வேண்டும். 2009இல் காலமானார். நூல் 2013இல்தான் அச்சில் வந்தது. பெரம்பூரில் வேர் உள்ளவர்கள் அதை வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

1921 மே மாதம் கர்நாடிக் ஆலையில் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஜூனில் அதற்கு ஆதரவாகப் பக்கிங்ஹாம் ஆலைத் தொழிலாளர்களும் வெளியேறினார்கள். ஆனால் இந்த முறை எல்லோரும் வெளியேறவில்லை. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குப் போனார்கள். சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் வெளியே, ஆதிதிராவிடர்கள் உள்ளே. ஜூன் கடைசியில் புளியந்தோப்பில் கலவரம் வெடித்தது. சேரிக் குடிசைகள் கொளுத்தப்பட்டன. பிறகு இருபக்கமும் தாக்குதல்கள் நடந்தன. ஆகஸ்டு இறுதியில் போலீஸ் சுட்டு உயிர்கள் போயின. அக்டோபரில் வேலைநிறுத்தம் தோற்று முடிந்தது.

குடிசை இழந்த ஆதிதிராவிடர்களுக்கு அரசு முகாம் போட்டது. வியாசர்பாடியில்.

அந்த ஊர்ப்பெயரை நான் முதலில் பார்த்தபோது நள்ளிரவு. வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். சொல்ல ஆளில்லாமல் சமையலறையில் போய்த் தண்ணீர் குடித்தேன். ஆயா கொட்டாய் என்றது மாட்டுக் கொட்டாயை அல்ல. அண்ணன் பிறந்தது அகதி முகாமில். முகாமில் பிறந்த பிள்ளைகள் நம்மிடையே எத்தனை பேர் என்பது இந்தக் கூட்டத்தில் இருக்கும் ஈழத்து நண்பர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கொட்டாய் என்ற சொல்லை அவர்கள் எனக்கு முன்பே புரிந்துகொண்டிருப்பார்கள்.

அப்படியானால் கொள்ளுத்தாத்தா யார்? வேலைநிறுத்தத்தின்போது உள்ளே போனவர். சங்க மொழியில் கருங்காலி.

இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு வெகுநாள் யோசித்திருக்கிறேன். சங்கத் தலைவர்களின் பார்வையில் இது நிர்வாகம் செய்த பிரித்தாளும் சூழ்ச்சி. அதில் உண்மை இருக்கிறது. வேலைக்கு வந்தவர்களைக் கம்பெனியும் அரசும் பாதுகாத்தது சேரி மக்கள் மேல் இருந்த அன்பினால் அல்ல. ஆனால் சூழ்ச்சி என்று மட்டும் சொன்னால், உள்ளே போனவனுக்குச் சொந்தமாக மூளை இல்லை என்றாகிவிடும். 1920இல் ஆலை மூடிக் கிடந்தபோது சேர்ந்து பட்டினி கிடந்தவர்களில் ஆதிதிராவிடர்களும் உண்டு. அதற்கு ஆறு மாதத்தில் மறுபடி பட்டினி. கிராமத்தில் காணி வைத்திருந்தவன் ஊருக்குப் போய் இரண்டு மாதம் தள்ளலாம். காணி இல்லாததால்தான் இவர் சென்னைக்கே வந்தார். கடன் கொடுக்கும் உறவு அவருக்கு இல்லை. சங்க மேடையில் அவர் தெருக்காரர் ஒருவரும் இல்லை. ஆலைக்குள் ஒரே சங்குக்கு ஓடினார்கள், வெளியே குடிக்கிற தண்ணீர் வேறு வேறு. இவ்வளவையும் வைத்துப் பார்க்கும்போது, உள்ளே போவது என்று அவர் எடுத்த முடிவை என்னால் துரோகம் என்று எழுத முடியவில்லை. வெளியே நின்று வேலை இழந்தவர்களின் இழப்பும் சிறியதல்ல. வேலைநிறுத்தம் தோற்றபின் பலரைத் திரும்பச் சேர்க்கவில்லை. அவர்களுடைய பேத்திகளும் எங்கோ ஒரு நகரத்தில் இதே தெருவைத் தேடிக்கொண்டிருக்கலாம்.

தீ அணைந்த பிறகு வந்த அரசியல் இன்னும் கசப்பானது. ஆட்சியில் இருந்த நீதிக்கட்சியின் முக்கியத் தலைவர்கள் வேலைநிறுத்தக்காரர்கள் பக்கம் நின்றார்கள். அரசின் தொழிலாளர் துறை ஆதிதிராவிடர்களுக்குச் செல்லம் கொடுப்பதுதான் பிரச்சினை என்றார்கள். சென்னைச் சட்டமன்றத்தின் முதல் ஆதிதிராவிட உறுப்பினரான எம்.சி. ராஜா அதை எதிர்த்துப் பேசினார். 1922இல், பறையர், பஞ்சமர் என்ற சொற்களுக்குப் பதில் ஆதிதிராவிடர் என்றே அரசு எழுத வேண்டும் என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தவரும் அவர்தான். 1923இல் கட்சியை விட்டு வெளியேறினார். பார்ப்பனரல்லாதார் அரசியலின் வரலாற்றைப் பேசுகிறவர்கள் பலர் புளியந்தோப்பை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். எங்கள் ஆயாவும் தாண்டினார், ஆனால் அவருக்குக் காரணம் இருந்தது.

வினைச்சொல்லைக் கவனியுங்கள். "வூடு எரிஞ்சிச்சு." எரித்தார்கள் என்று சொன்னால் யார் என்ற கேள்வி வரும். யார் என்று சொன்னால், அவர்கள் ஏன் உங்கள் வீட்டை எரித்தார்கள் என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் சொன்னால் சாதி வரும், கருங்காலி என்ற சொல்லும் வரும். தானாக எரிந்த வீட்டுக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. ஒரு விகுதி மாற்றத்தில் ஆயா தன் பிள்ளைகளை மூன்று கேள்விகளிலிருந்து காப்பாற்றியிருக்கிறார். புளியந்தோப்பைப் பெரம்பூர் ஆக்கியதும் அதே வேலைதான். டொராண்டோவில் நம் ஆட்கள் "எந்த ஊர்?" என்று கேட்டுவிட்டு, பதில் வந்ததும் "ஊர்ல எந்தப் பக்கம்?" என்று அடுத்து கேட்கிறார்களே, அந்த இரண்டாவது கேள்வியை ஆயா அறுபது எழுபது வருடம் சமாளித்திருக்கிறார்.

பெரியப்பாவின் வாசகம் பொய்யா? அப்படி நான் நினைக்கவில்லை. 1918இலும் 1920இலும் அவர் சங்கத்தோடு நின்றிருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. திரு.வி.க.வின் பேச்சைத் தோட்டத்துக் கூட்டத்தில் நின்று கேட்டிருக்கலாம். 1921இல் வீடு எரிந்திருக்கலாம். ஒரே மனிதர் மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டையும் வாழ்ந்தார். குடும்பம் முதல் பாதியை மட்டும் விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்தது.

இதைப் பெரியப்பாவிடம் சொன்னேன். எண்பது தாண்டியவர். வியாசர்பாடி முகாமைப் பற்றிச் சொல்லி முடித்ததும் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அத எதுக்குடா இப்ப மேடையில சொல்ற?" என்றார். "சொல்லவா வேணாமா பெரியப்பா?" என்று கேட்டேன். "எங்கம்மா சொல்லல. நீ சொல்றதுன்னா முழுசா சொல்லு. பாதி சொன்னா அசிங்கம்" என்றார். முழுசாகச் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன். அவரும் இப்போது திரையில் இருக்கிறார், காமிராவை அணைத்துவிட்டு.

ஆலை 1996இல் மூடப்பட்டது. அதற்குப் பின் பல ஆண்டுகள் அந்தக் கூடங்களில் சினிமாச் சண்டைக் காட்சிகள் எடுத்தார்கள். கதாநாயகன் வில்லனைத் தூக்கி எறியும்போது பின்னால் தெரிந்த துருப்பிடித்த தூண்கள் நம்மில் பலருக்கு மனப்பாடம். தறி ஓடிய இடம் என்று யாரும் நினைத்திருக்க மாட்டோம். நிலத்தின் பெரும்பகுதியில் இன்று அடுக்குமாடிகள். இந்த விஷயத்தில் கிங் தெருவுக்கும் அதற்கும் வேறுபாடு குறைவு. மாஸி-ஹாரிஸும் பக்கத்தில் இங்லிஸ் ஆலையும் இருந்த லிபர்ட்டி வில்லேஜில் இப்போது கண்ணாடிக் குடியிருப்புகளும் காப்பிக் கடைகளும் இருக்கின்றன. இன்னொரு வேடிக்கை: இங்லிஸ் ஆலை இருந்தது ஸ்ட்ராக்கன் அவென்யூவில். சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் கட்டடம் ஸ்ட்ரஹான்ஸ் சாலையில். இரண்டுக்கும் தொடர்பு எதுவும் இல்லை, ஆனாலும் ஒரு நாள் ராத்திரி இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேள்வி நேரத்துக்கு முன் ஒரு வேண்டுகோள். இங்கே இருப்பவர்களில் சிலருடைய தாத்தாக்கள் கொழும்பு வெள்ளவத்தை மில்லிலோ, மதுரை ஹார்வி மில்லிலோ, காங்கேசன்துறை சிமெந்து ஆலையிலோ வேலை பார்த்திருப்பார்கள். ஸ்கார்பரோவில் எக்ளிண்டன் கிழக்குத் தொழிற்சாலைகளில் முப்பது வருடம் நின்ற அப்பாக்களும் இருக்கிறார்கள். அந்தக் கட்டடங்களும் இப்போது ஒவ்வொன்றாக இடிபடுகின்றன. வயதானவர்களிடம் பேசும்போது தேதியைக் கேட்காதீர்கள், அது அவர்களுக்குத் தெரியாது, தெரியாததால் கூசிப் பேச்சை நிறுத்திவிடுவார்கள். எந்தப் பிள்ளை எந்த இடத்தில் பிறந்தது என்று கேளுங்கள். சொல்வதை அவர்கள் சொன்ன அதே சொல்லில் எழுதிக்கொள்ளுங்கள். ஆயா சொன்ன 'கொட்டாய்' என்ற சொல்லை நான் 'குடிசை' என்று திருத்தி எழுதியிருந்தால், வியாசர்பாடி முகாமுக்கு வந்து சேர்ந்திருக்க மாட்டேன்.

கேள்விகள் இருந்தால் கேட்கலாம். பெரியப்பா கையைத் தூக்கியிருக்கிறார். முதலில் அவர் பேசட்டும்.